சுழலும் தட்டை எப்போது நிறுத்துவது?

குயவர் சக்கரம் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோலைத் துளையில் ஊன்றி முதல் சில சுற்றுகளைச் சுற்றத் தோள்வலிமை வேண்டும். வேகம் பிடித்த பிறகு அவ்வப்போது ஒரு தள்ளு போதும். ஒரு பானை முடிந்து அடுத்த மண்ணை வைக்கும் வரை அவர் சக்கரத்தை நிறுத்துவதில்லை. சாப்பிடப் போகும்போது நின்றுபோக விட்டுவிடுகிறார். வாசலில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால்தான் சிக்கல். பேச்சு எவ்வளவு நேரம் நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. தள்ளிக்கொண்டே பேசுவதா, நின்றால் நிற்கட்டும் என்று விடுவதா?

கணிப்பொறிச் செய்திகளைச் சேமித்து வைக்கும் வன்தட்டும் ஒரு சுழலும் சக்கரமே. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டின் மேல் மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அதன் முகத்தையொட்டி மிதக்கும் காந்தத் தலை எழுதுகிறது, படிக்கிறது. யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து மேசை ஓரத்தில் வைக்கும் வெளித்தட்டுப் பெட்டியை இன்று பலரும் அறிவார்கள். அதன் பெரிய வகை, எழுதாமலும் படிக்காமலும் வெறுமனே சுழன்றுகொண்டிருப்பதற்கே 5 வாட் அளவு மின்சாரம் எடுக்கும். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் சுழன்றால் ஏறத்தாழ 44 யூனிட் ஆகிறது. தட்டு நின்றுவிட்டால் ஒரு வாட்டுக்கும் குறைவு போதும்.

வேலையில்லாதபோது நிறுத்திவிட வேண்டியதுதானே என்று சிறு பிள்ளையும் கேட்கும். ஆனால் வன்தட்டு பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. வந்த பிறகு, எத்தனை நொடி சும்மா இருந்தால் நிறுத்தலாம் என்ற வழக்கு எழுந்தது. அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நிற்காத தட்டுகள்

முதல் வன்தட்டு 1956 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் ரெனால்டு ஜான்சன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. ராமாக் 305 என்ற கணிப்பொறியின் ஓர் உறுப்பு அது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்தாம். கைப்பேசியில் இன்று எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாமல் போகலாம். கணிப்பொறித் தொகுதியின் வாடகை மாதத்திற்கு 3,200 டாலர்.

இத்தகைய எந்திரத்தை வேலை நேரத்தில் நிறுத்துவது என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. அவ்வளவு வாடகை கொடுத்தவர் மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவாரா? அதைவிட வலுவான காரணம் காந்தத் தலையில் இருந்தது. ராமாக்கின் தலை தட்டிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரான் உயரத்தில் நின்றது. அழுத்திய காற்றைத் தலையின் வழியே ஊதி அந்த இடைவெளியைக் காத்தார்கள். பின்னால் 1961-இல் வந்த ஐ.பி.எம். 1301-இல் ஊதுகாற்று தேவைப்படவில்லை. தட்டு சுழலும் வேகத்தில் அதன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும் காற்றே தலையைத் தூக்கிப் பிடித்தது. நேர்த்தியான ஏற்பாடு இது. ஆனால் ஒரு நிபந்தனை கூடவே வந்தது. தட்டு வேகம் குறைந்தால் காற்று மெத்தை போய்விடும். அதற்குள் தலையை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

தட்டு அடுக்கைக் கழற்றி மாற்றும் எந்திரங்கள் 1962-க்குப் பின் பரவின. அடுக்கை மாற்றும்போது தட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்போது தலைகளைத் தட்டுகளுக்கு வெளியே முழுவதும் இழுத்துக்கொண்டார்கள். மறுபடி ஓட்டும்போது, சில எந்திரங்களில் சிறு தூரிகைகள் முதலில் உள்ளே போய்த் தட்டுகளின் தூசியைத் துடைத்துவிட்டு வரும். அதன் பிறகே தலைகள் நுழையும். மேல்நாட்டுக் கணிப்பொறி அறைகளில் தட்டைத் தொடங்குவது ஒரு சடங்கு போல நடந்தது என்றால் மிகையில்லை.

இந்தச் சடங்கை ஒழித்தது 1973-இல் வந்த ஐ.பி.எம். 3340. கென்னத் ஹாட்டன் தலைமையில் உருவான இதற்கு வின்செஸ்டர் என்ற செல்லப்பெயர் வழங்கியது. தலையை மிக இலேசாகச் செய்து, தட்டின் மேல் மெல்லிய உயவுப் பூச்சிட்டு, தட்டு நிற்கும்போது தலை அதன் மேலேயே இறங்கிக்கொள்ளும்படி அமைத்தார்கள். தட்டு சுழலத் தொடங்கியதும் சிறிது தூரம் உராய்ந்து பின் மேலெழும். விமானம் ஓடுபாதையில் இறங்கி ஏறுவது போல. தலைகளும் தட்டுகளும் ஒரே உறைக்குள் அடைபட்டதால் தூசித் தொல்லையும் குறைந்தது. அடுத்துப் பல ஆண்டுகளுக்கு எல்லா வன்தட்டுகளும் இந்த வழியையே பின்பற்றின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் சிறிது உராய்வு உண்டு என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

தனியாள் கணிப்பொறிக்கென 1980-இல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட எஸ்.டி. 506 என்ற வன்தட்டு 5 மெகாபைட் கொண்டது. 5¼ அங்குல அகலம். நிமிடத்திற்கு 3,600 சுற்று. இந்த 3,600 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்சாரம். நேரே அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு இயல்பாக அமையும் வேகம் நிமிடத்திற்கு 3,600. மோட்டார்கள் நேர்மின்சாரத்துக்கு மாறிய பின்னும் எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. சுவரில் உள்ள மின்செருகியோடு பிறந்த பொருள் வன்தட்டு என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

பாட்டரியின் கண்டிப்பு

சுவர் மின்சாரத்தை விட்டு வெளியே வந்தபோதுதான் தட்டின் சுழற்சி ஒரு செலவாகக் கண்ணில் பட்டது. தோஷிபாவின் டி 3100 என்ற மடிக்கணிப்பொறி 1986-இல் 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. ஆனால் அதற்குப் பாட்டரியே கிடையாது! மடியில் வைக்கலாம், கம்பியை மட்டும் சுவரில் செருக வேண்டும்.

தட்டைச் சிறிதாக்குவது முதல் வழி. இங்கு இயற்பியல் கைகொடுத்தது. சும்மா சுழலும் தட்டு செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கடைவதில் போகிறது. இந்தச் செலவு சுற்று வேகத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்காகவும், விட்டத்தின் நாலரை அடுக்குக்கும் சற்று மேலாகவும் ஏறுகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் காற்றுச் செலவு ஏறத்தாழ 25-இல் ஒரு பங்காகிவிடும். ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 1983-இல் 3½ அங்குலத் தட்டையும், அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த பிரெய்ரிடெக் நிறுவனம் 1988-இல் 2½ அங்குலத் தட்டையும் கொண்டுவந்ததற்குப் பின்னால் இடச்சிக்கனம் மட்டுமல்ல, இந்தக் கணக்கும் இருந்தது.

இரண்டாவது வழி நிறுத்துவது. ஆப்பிள் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிள் 7 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஈய அமிலப் பாட்டரியில் ஓடியது. எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தட்டு உறங்க வேண்டும் என்பதை அதில் பயனாளரே குறித்து வைக்கலாம். கணிப்பொறிக்கும் வன்தட்டுக்கும் இடையிலான ஏ.டி.ஏ. என்ற இணைப்பு முறை 1994-இல் தரப்படுத்தப்பட்டபோது, 'நின்று காத்திரு', 'உறங்கு' என்ற கட்டளைகளும் ஒரு நேரக்கணக்கியும் அதில் இடம்பெற்றன. நேரக்கணக்கியின் எண்முறை வேடிக்கையானது. 1 முதல் 240 வரை ஒவ்வோர் எண்ணும் 5 நொடியைக் குறிக்கும். ஆகவே 240 என்றால் 20 நிமிடம். அடுத்த எண்ணான 241-க்குப் பொருளோ அரை மணி! அங்கிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் அரை மணி கூடும். 60 என்று எழுதிவிட்டு ஒரு நிமிடத்தில் தட்டு நிற்கும் என்று எதிர்பார்த்தவர்கள் 5 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசாங்கமும் இதில் தலையிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992-இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைக் கணிப்பொறிகளுக்குத் தொடங்கியது. சும்மா இருக்கும் கணிப்பொறி தானாகவே 30 வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் கிளின்டன் பிறப்பித்த ஆணைப்படி நடுவண் அரசு அலுவலகங்கள் இந்த முத்திரை உள்ள கணிப்பொறிகளையே வாங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த உற்பத்தியாளர் மறுப்பார்? பாட்டரிக்காகப் பிறந்த பழக்கம் மேசைக் கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது.

வாடகை சைக்கிள் கணக்கு

அன்றைய மடிக்கணிப்பொறியின் மின்செலவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வன்தட்டுக்குப் போயிற்று. சும்மா இருக்கும்போது நிறுத்தலாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எவ்வளவு நேரம் பொறுத்து?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு சிறு தட்டு சும்மா சுழல்வதற்கும் நிற்பதற்கும் உள்ள செலவு வேறுபாடு 1 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 1 ஜூல். நின்ற தட்டை மறுபடி வேகமேற்ற மிகுதியாக 5 ஜூல் வேண்டும் என்போம். அடுத்த வேலை 5 நொடிக்குள் வந்துவிடும் என்றால் நிறுத்தியது நட்டம். அதற்கு மேல் ஆகும் என்றால் உடனே நிறுத்தியிருந்தால் இலாபம். ஆனால் அடுத்த வேலை எப்போது வரும் என்பதைத் தட்டும் அறியாது, கணிப்பொறியும் அறியாது. குயவரின் வாசலில் நின்று பேசும் விருந்தாளியைப் போன்றது அது.

எதிர்காலம் தெரியாமலே நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று கணிதம் சொல்லித் தருகிறது. அமெரிக்கக் கணிப்பொறி அறிவியலார் இதைப் பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு எடுக்கும் கணக்கு என்பார்கள். நமக்குச் சைக்கிளே போதும். வாடகை நாளுக்கு 50 ரூபாய், புதுச் சைக்கிளின் விலை 5,000 ரூபாய். எத்தனை நாள் தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் நாளே வாங்கினால் மறுநாள் தேவையில்லாமல் போகலாம். வாடகையே கொடுத்துக்கொண்டிருந்தால் செலவுக்கு எல்லையே இல்லை. 100 நாள் வாடகை கொடுத்து, கொடுத்த பணம் விலைக்குச் சமமானதும் வாங்கிவிடுங்கள். மிக மோசமான நிலையிலும் உங்கள் செலவு 10,000 ரூபாய்தான். எதிர்காலத்தை முழுதும் அறிந்த ஒரு சோதிடர் 5,000 செலவழித்திருப்பார். ஆகவே எந்த நிலையிலும் நீங்கள் அவரைப் போல் இரு மடங்குக்கு மேல் இழக்கமாட்டீர்கள்.

இந்த வகைக் கணக்குக்கு 1988-இல் ஆனா கார்லின், மார்க் மனாஸி, லாரி ருடால்ஃப், டேனியல் ஸ்லீட்டர் ஆகியோர் எழுதிய கட்டுரை அடித்தளமாக அமைந்தது. அவர்கள் எழுதியது வன்தட்டைப் பற்றியன்று; பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பற்றி. ஆனாலும் விடை அப்படியே பொருந்தியது. சும்மா சுழன்று செலவிட்ட ஆற்றல், மறுதொடக்கத்தின் செலவுக்குச் சமமானதும் நிறுத்திவிடு. நம் எடுத்துக்காட்டில் 5 நொடி. நிறுத்தும் நேரத்தைத் தக்க விகிதத்தில் சீட்டுக் குலுக்குவது போல மாற்றி மாற்றி வைத்தால் சராசரி இழப்பை இரு மடங்கிலிருந்து 1.58 மடங்காகக் குறைக்கலாம் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

ஏட்டுக் கணக்கு நடைமுறைக்கு ஒத்து வருமா? பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெஸ்டர் லீ, ரோஜர் கம்ஃப், பால் ஹார்ட்டன், தாமஸ் ஆண்டர்சன் என்ற நால்வர், கணிப்பொறிப் பயனாளர்கள் உண்மையில் தட்டைத் தொட்ட நேரங்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 1994-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்திருக்கும். சிறந்த காத்திருப்பு நேரம் 2 நொடி! அன்றைய உற்பத்தியாளர்கள் வைத்திருந்ததோ 3 முதல் 5 நிமிடம். அவ்வளவு பொறுத்தால் கிடைக்கக்கூடிய சேமிப்பில் பாதிதான் கிடைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு அதே மாநாட்டில் ஃபிரெட் டக்ளிஸ், பி. கிருஷ்ணன், பிரையன் மார்ஷ் ஆகியோரும் வன்தட்டின் மின்பசியைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். காத்திருப்பு நேரத்தை ஒரே எண்ணாக வைக்காமல், அண்மைக்கால நடப்பைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறைகள் அதன் பின் பல வந்தன.

தேய்மானம் குறுக்கே வந்தது

அப்படியானால் உற்பத்தியாளர்கள் விவரமற்றவர்களா? இல்லை. மின்சாரத்தை மட்டும் எண்ணினால் 2 நொடி சரி. அவர்கள் எண்ணியது தட்டின் ஆயுளையும் சேர்த்து.

வின்செஸ்டர் முறையில் ஒவ்வொரு தொடக்கத்திலும் உராய்வு உண்டு என்று பார்த்தோம். செய்தி அடர்த்தி கூடக் கூடத் தலை இன்னும் தாழப் பறக்க வேண்டியிருந்தது. அதற்குத் தட்டின் முகம் கண்ணாடி போல் வழவழப்பாக வேண்டும். வழவழப்பான இரு பரப்புகளுக்கிடையில் உயவுப் படலம் இருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் பிரிக்க முயன்று பாருங்கள். நின்ற தட்டில் ஒட்டிக்கொண்ட தலையை, சிறு மோட்டாரால் பிய்க்க முடியாமல் போன வன்தட்டுகள் உண்டு. உள்ளே இருந்த செய்திகளும் அவற்றோடு சிறைப்பட்டன. தலை இறங்கும் இடத்தில் மட்டும் லேசர் கதிரால் நுண்ணிய புடைப்புகளை உண்டாக்கி 1990-களில் இதைச் சமாளித்தார்கள்.

வேறொரு வழியும் வந்தது. தட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு சரிவு மேடை அமைத்து, தட்டு நிற்கும் முன் தலையை அதில் ஏற்றி நிறுத்திவிடுவது. பழைய கழற்றும் தட்டு அடுக்குகளில் செய்ததுதான், சிறிய உருவில் திரும்பி வந்தது! தலைக்கும் தட்டுக்கும் தொடுகையே இல்லை. தொட்டு இறங்கும் வகைக்கு 50,000 தொடக்கங்கள் என்று உத்தரவாதம் தந்தவர்கள், மேடை ஏறும் வகைக்கு 3,00,000 முதல் 6,00,000 வரை தந்தார்கள்.

மூன்று இலட்சம் என்பது எவ்வளவு பெரிய எண்! தீர்ந்தே போகாது என்று தோன்றுகிறதல்லவா? 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது தீர்ந்தது. மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கென வந்த சில வன்தட்டுகள், 8 நொடி சும்மா இருந்தாலே தலையை மேடை ஏற்றிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. தட்டு சுழன்றுகொண்டுதான் இருக்கும். தலை மட்டும் ஒதுங்கும். காற்று இழுப்பு சற்றுக் குறையும். யுனிக்ஸ் மரபில் வந்த இயக்கத் தொகுதிகளுக்கோ வேறொரு பழக்கம். நினைவகத்தில் சேர்ந்த மாற்றங்களை அரை நிமிடத்திற்கு ஒருமுறை அளவில் தட்டில் எழுதிவிடுவார்கள். மின்சாரம் திடீரென்று போனாலும் அரை நிமிட வேலைக்கு மேல் இழக்கக்கூடாது என்பது நோக்கம். இரண்டும் நல்ல பழக்கங்களே. சேர்ந்தபோது தலை ஏறுவதும் இறங்குவதுமாக நிமிடத்திற்கு இருமுறை, நாளுக்கு 2,880 முறை. மூன்று இலட்சத்தை 2,880-ஆல் வகுத்துப் பாருங்கள்: 104 நாள். மூன்றரை மாதத்தில் வாழ்நாள் ஒதுக்கீடு முழுவதும் செலவு!

இதற்கு மாற்று மருந்து மென்பொருளில் இருந்து வந்தது. லினக்ஸ் இயக்கத் தொகுதியில் 2004 அளவில் சேர்ந்த 'மடிக்கணிப்பொறி முறை', எழுத வேண்டியவற்றைச் சேர்த்து வைத்திருந்து, ஏதேனும் படிக்கத் தட்டு விழிக்கும்போது அதோடு சேர்த்து எழுதிவிடும். சந்தைக்குப் போகிறவரிடம் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவரச் சொல்வது போன்ற சிக்கனம். ஆனால் பத்து நிமிட வேலை வரை நினைவகத்தில் மட்டும் இருக்கும். பாட்டரி எதிர்பாராமல் தீர்ந்தால் அது போய்விடும். மின்சாரத்தையா, தட்டின் ஆயுளையா, எழுதிய கட்டுரையையா, எதைப் பணயம் வைப்பது என்பதே கேள்வி. ஒவ்வொரு கோப்பையும் படிக்கும்போது 'இன்ன நேரத்தில் படிக்கப்பட்டது' என்று குறிப்பெழுதும் பழைய யுனிக்ஸ் வழக்கத்தையும் 2009-இல் லினக்ஸ் பெரும்பாலும் கைவிட்டது. வெறுமனே படித்ததற்காகத் தட்டில் எழுதுவது, கடிதத்தைப் படித்தேன் என்று தெரிவிக்க இன்னொரு கடிதம் போடுவது போல்தான் இருந்தது.

உறங்கும் தட்டுப் படை

இதற்கிடையே தட்டுகள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ்க் கூடத் தொடங்கின. அமெரிக்காவின் தரவு மையங்கள் மட்டும் 2006-இல் 6,100 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் கணக்கிட்டது. நாட்டின் மொத்தச் செலவில் அது 1.5 சதவீதம்.

கொலராடோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் கொலரெல்லி, டர்க் கிரன்வால்ட் இருவரும் 2002-இல் ஒரு யோசனை சொன்னார்கள். பெருஞ்சேமிப்பகங்களில் எழுதி வைத்தவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. சில தட்டுகளை மட்டும் எப்போதும் சுழலவிட்டு, அடிக்கடி கேட்கப்படுவதை அவற்றில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நிறுத்திவிடலாம். 'சும்மா இருக்கும் தட்டுகளின் பேரணி' என்பது அவர்கள் இட்ட பெயரின் பொருள். கோப்பன் என்ற நிறுவனம் இதைக் கடைச்சரக்காக்கியது. ஓர் அலமாரியில் 896 தட்டுகள். ஒரே நேரத்தில் கால்பங்குக்கு மேல் சுழலாது. நெடுநாள் நின்ற தட்டு நலமாக இருக்கிறதா என்று அறிய ஒவ்வொன்றையும் மாதத்திற்கு ஒருமுறையேனும் எழுப்பி ஓடவிட்டுச் சோதித்தார்கள். தட்டுகளுக்கும் தேகப்பயிற்சி! பொறியியலில் தேறிய அந்நிறுவனம் வாணிகத்தில் தேறவில்லை. 2010-இல் அதன் உடைமைகளை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அன்றாட வேலை நடக்கும் தட்டுகளுக்கு ஓய்வு நேரமே கிடையாது என்பது நெடுநாள் நம்பிக்கை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் தங்கள் சொந்தத் தரவு மையத்தின் 179 தட்டுகளை ஒரு வாரம் கண்காணித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. சும்மா இருக்கும்போது நிறுத்தினாலே 28 முதல் 36 சதவீத ஆற்றல் மிச்சமாகும். நின்ற தட்டுக்கு வரும் எழுத்துகளை அதை எழுப்பாமல், விழித்திருக்கும் வேறொரு தட்டில் தற்காலிகமாக எழுதி வைத்தால் மிச்சம் 45 முதல் 60 சதவீதம் வரை ஏறும்.

அதே ஆய்வகம் 2014-இல் விவரித்த பெலிக்கன் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரே அடுக்கில் 1,152 தட்டுகள். அவற்றில் 8 சதவீதம் மட்டுமே ஒரே நேரத்தில் சுழலலாம். 'சுழலலாம்' என்பதற்கு இங்கே அழுத்தம் உண்டு. எல்லாத் தட்டுகளையும் ஓட்டும் அளவுக்கு மின்வசதியோ குளிர்ச்சி வசதியோ அதில் வைக்கப்படவே இல்லை. ஓய்வு என்பது தட்டின் இயல்பு நிலையாகவும், சுழற்சி என்பது கேட்டுப் பெறும் அனுமதியாகவும் ஆகிவிட்டது. ராமாக் காலத்தில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

மேசை ஓரத்துப் பெட்டி

மடிக்கணிப்பொறிகளில் சுழலும் தட்டின் இடத்தை இன்று பெரும்பாலும் அசையாத மின்னணுச் சேமிப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வெளித்தட்டுப் பெட்டிதான். திருமணப் படங்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் காட்சிகள், அலுவலகக் கணக்குகளின் நகல்கள் எல்லாம் அதில் இருக்கும். எப்போதோ ஒருநாள் தேவைப்படுவது. ஆனால் அந்த ஒருநாள் திறக்காமல் போகக்கூடாதது.

இந்தப் பெட்டியை உறங்க வைப்பதில் வேறொரு தடை குறுக்கிட்டது. யு.எஸ்.பி. வழியாக வரும் கட்டளைகள் எஸ்.சி.எஸ்.ஐ. என்ற பழைய மரபைச் சேர்ந்தவை. உள்ளே இருக்கும் தட்டுக்குத் தெரிந்தது ஏ.டி.ஏ. மொழி. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் ஒரு சிறு சில்லு பெட்டிக்குள் உண்டு. எழுது, படி என்பவற்றை அது ஒழுங்காக மொழிபெயர்க்கும். 'சுழற்சியை நிறுத்து' என்பதைப் பல சில்லுகள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. மொழிபெயர்ப்புக்கான தரம் 2007-இல் வகுக்கப்பட்ட பிறகு நிலைமை மெல்லத் திருந்தியது. பல பெட்டிகளில் உற்பத்தியாளரே ஒரு நேரக்கணக்கியை வைத்துவிடுகிறார். கணிப்பொறி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அரை மணியிலோ முன்னதாகவோ தட்டு நிற்கும். அதன் பின் நீங்கள் எந்தக் கோப்பைத் திறக்கப் போனாலும், அது வேறு தட்டில் இருந்தாலும், பட்டியல் காட்டுவதற்காகக் கணிப்பொறி இந்தத் தட்டையும் எழுப்பும். பத்து நொடி திரை அசையாமல் நிற்கும். பெட்டிக்குள் விர்ரென்ற ஒலி எழும்.

சிறிய வெளித்தட்டுகளுக்குத் தொடக்கமே பெரும்பாடு. யு.எஸ்.பி.யின் இரண்டாம் பதிப்பு ஒரு துளையில் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2½ வாட். 2½ அங்குலத் தட்டு சுழன்றுகொண்டிருக்க அது தாராளம். வேகமெடுக்கும் சில நொடிகளுக்கோ அதைப் போல் இரு மடங்கு தேவைப்படலாம். இரண்டு துளைகளில் செருகும்படி இரட்டைக் கொக்கி வைத்த கம்பிகள் ஒரு காலத்தில் விற்றதற்குக் காரணம் இதுதான்.

பெரிய வெளித்தட்டுக்குச் சைக்கிள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேகமெடுக்க ஏறத்தாழ 20 வாட் வீதம் 10 நொடி, அதாவது 200 ஜூல். நின்றால் மிச்சமாவது நொடிக்கு 4 ஜூல் போல. ஆகவே மின்சாரத்தை மட்டும் எண்ணினால் 50 நொடி சும்மா இருந்தாலே நிறுத்திவிடலாம். ஆனால் நாளெல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் 50,000 தொடக்கங்கள் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். 20 நிமிடம் பொறுத்து நிறுத்தி, நாளுக்கு ஐந்து முறை மட்டும் எழுப்பினால் அதே 50,000 இருபத்தேழு ஆண்டுக்கு வரும். நாளுக்கு 20 மணி நேரம் தட்டு நின்றிருக்குமானால் ஆண்டுக்கு மிச்சம் 29 யூனிட். ஒரு வீட்டுக்கு இது சிறு தொகை. ஒரு கோடிப் பெட்டிகள் என்று வைத்தால் 29 கோடி யூனிட்டுக்கு மேல். எனவே 10 நிமிடத்திலிருந்து அரை மணி வரை பொறுப்பது வீட்டுப் பெட்டிக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பெர்க்லி நால்வரின் 2 நொடி, பாட்டரியைக் காக்க வேண்டியவர்களுக்குச் சொன்னது.

ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் இப்போது படிகளும் வந்துவிட்டன. மின்சுற்றின் ஒரு பகுதியை மட்டும் அணைப்பது முதற்படி. தலையை மேடை ஏற்றுவது அடுத்தது. சில தட்டுகள் தலையை ஏற்றியபின் சுழற்சி வேகத்தையும் குறைத்துக்கொள்கின்றன. காற்றுச் செலவு வேகத்தின் மூன்றாம் அடுக்கு என்பதால் சிறிது குறைத்தாலும் பலன் பெரிது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் முழு நிறுத்தம்.

நிறுத்தாமலே கம்பியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? தலை அப்போதும் தட்டின் மேல் விழுவதில்லை. மின்சாரம் போன கணத்தில், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டு மோட்டாரைத் திருப்பி ஓட்டுகிறது. மோட்டார் மின்னாக்கியாகிறது. அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டே தலை மேடைக்கு ஓடிவிடுகிறது. ஆனால் இது அவசர ஓட்டம். கட்டுப்பாடு குறைவு, மோதல் அதிகம். முறையாக மேடை ஏறுவதற்கு இலட்சக் கணக்கில் உத்தரவாதம் தரும் உற்பத்தியாளர்கள், இதற்கு இருபதாயிரம் என்ற அளவில்தான் தருகிறார்கள். கணிப்பொறித் திரையில் 'பாதுகாப்பாக அகற்று' என்பதைத் தொட்டு, விர்ரென்ற ஒலி அடங்கும் வரை சில நொடி பொறுத்து, அதன் பிறகு கம்பியை எடுப்பதற்கு இதுதான் காரணம்.